கூப்பிடு தூரத்தில் நின்ற கார்

முதல் அநியாயம், நூல் மில்லில் பஞ்சை அடித்துப் பிரிக்கிற புளோ ரூமில் வேலை பார்த்துக்கொண்டிருந்த என்னைக் கழிவுப் பஞ்சு குடோனுக்கு மாற்றியது. காரணம் நான் எழுதிய நோட்டீஸ். அதில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. அதுதான் நிர்வாகத்துக்குப் பொறுக்கவில்லை. இரண்டாவது, கதவடைப்பு நடந்துகொண்டிருந்தபோது எங்கள் சங்கத்தின் செயலாளர் சங்கரநயினார், மேனேஜருடைய காரில் வந்து மில் கேட் முன்னால் இறங்கியது. மூன்றாவது, கதவடைப்பு முடிந்து ஒப்பந்தம் போட்டபோது என் பெயரை மூன்றாவதாக அச்சடித்தது. எனக்கு மேலே இருந்த இரண்டு பேரும் வெளியூர் வக்கீல்கள். எங்கள் கேட் வெயிலில் ஒரு மணி நேரம் நின்றதில்லை. நான்காவது, மில்லையே இழுத்து மூடியது. ஐந்தாவது, மூடிய பிறகு வருஷத்தில் ஒரு நாள் நாங்கள் கேட்டில் நடத்துகிற கூட்டத்துக்கு, வாட்ச்மேன் அறையிலிருந்து மைக்குக்குக் கரண்ட் தராமல் நிறுத்தியது. ஆறாவது, என் மகளுடைய கார்.

தம்பி, கார் ஆறாவதாக வருகிறதே, சின்ன விஷயம் போலிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். நடந்த வரிசையில் சொல்கிறேன். பெரிசு சிறிசு பார்த்து வரிசைப்படுத்த ஆரம்பித்தால் ஆளுக்கொரு வரிசை வரும். ஏழாவது ஒன்றும் இருக்கிறது. அதற்காகத்தான் இன்றைக்கு இந்த பஸ்ஸில் ஏறியிருக்கிறேன். காதில் இருக்கிற ஒயரில் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றினால் போதும். இரண்டையும் கழற்றுங்கள் என்று நான் யாரையும் வற்புறுத்துவதில்லை.

திருமங்கலம் தாண்டிவிட்டோமா? இன்னும் இல்லையா? இந்த டிரைவர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் குடும்பம் நடத்துகிறார். நான்கு மணிக்குச் சாத்தூரில் நிர்வாகக்குழு. தலைவர் நான். பெயர் சீனிராஜ். நான் போகாமல் தொடங்க மாட்டார்கள் என்றுதான் இதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

சட்டையில் பேட்ஜ் சாய்ந்திருக்கிறதே என்று பார்க்கிறீர்கள். ஊசி வளைந்துவிட்டது. அதுவும் இந்தக் கதையில் வரும்.

நடுவில் மார்கழியில் என் துணைவியார் காலமானார். அதை அநியாயக் கணக்கில் சேர்க்கவில்லை. அது இயற்கை. எங்கள் மில்லிலேயே நூல் சுற்றுகிற ரீலிங்கில் வேலை பார்த்தவர். பஞ்சுத் தூசி நெஞ்சில் தங்கிவிட்டது என்றார்கள். தூசி நோய்க்கு நஷ்ட ஈடு கேட்டு நான் எத்தனையோ பேருக்கு மனு எழுதியிருக்கிறேன். என் துணைவியார் என்னிடம் மனு எதுவும் கேட்கவில்லை. வீட்டில் கூட்டம் நடக்கும்போது இருமல் வந்தால் எழுந்து வாசலுக்குப் போய் இருமுவார். அப்பேர்ப்பட்ட கட்டுப்பாடு. இப்போதுள்ள தோழர்களுக்கு அதெல்லாம் எங்கே தெரிகிறது?

காருக்கு வருகிறேன். அதற்கு முன்னால் எங்கள் வழக்கத்தைச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

மில் ஓடிய காலத்தில் ஷிப்ட் தொடங்குமுன் மேஸ்திரி ஆள் கணக்கு எடுப்பார். முதலில் பிரிவைச் சொல்வார், அப்புறம் டோக்கன் நம்பர், அப்புறம் பெயர். நாங்கள் "வந்தாச்சு" என்போம். கதவடைப்பின்போது எங்கள் ஆள் ஒருவர் பந்தலிலேயே நெஞ்சு வலித்துச் செத்துப்போனார். அடுத்த வருஷம் அதே நாளில் கேட் முன்னால் நின்று அவருடைய பிரிவு, டோக்கன், பெயர் மூன்றையும் மேஸ்திரி மாதிரியே வாசித்தேன். கூட்டத்தின் பின்னாலிருந்து யாரோ "வந்தாச்சு" என்றார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. அன்றிலிருந்து அதுவே வழக்கம். ஒவ்வொரு மாசியிலும், அந்த வருஷம் தவறிப்போனவர்களின் பெயரைத் தலைவர் வாசிப்பார். ஜனம் மொத்தமும் அவர்களுக்காக "வந்தாச்சு" என்று பதில் சொல்லும். மில் சங்கு நின்றுபோனதால், காலைப் பாசஞ்சர் ரயில் போவதுதான் எங்களுக்குச் சங்கு. ரயில் போனதும் கூட்டம் தொடங்கும். வாசிப்பது நான். என்னைத் தவிர வேறு யாரும் வாசித்தது கிடையாது.

இந்த வருஷம் வாசிக்க வேண்டியவர்களில் என் துணைவியாரும் இருந்தார். புரிகிறதா தம்பி? என் வாயால் நான் வாசிக்க வேண்டும்.

நோட்டீஸை நானே எழுதி அச்சுக்குக் கொடுத்தேன். எல்லோர் பெயரும் முறைப்படி. கடைசி வரி: "நமது தலைவர் தோழர் சீனிராஜ் அவர்களின் துணைவியார்." கொட்டை எழுத்தில். மகள் அதை வாங்கிப் பார்த்தாள். அவள் பெயர் போர்க்கொடி. நான் வைத்த பெயர். மதுரையில் பேங்கில் வேலை. அங்கே கொடி மேடம் என்கிறார்களாம், போரை எடுத்துவிட்டார்கள்.

"அப்பா, அம்மா பேரு எங்க?"

"துணைவியார் என்று இருக்கிறதே."

"அது நீங்க குடுத்த பதவிப்பா. பேரக் கேக்கறேன்."

"இயக்கத்தில் அப்படித்தான் போடுவார்கள். அது மரியாதை."

"முப்பது வருசம் அம்மா ரீலிங்ல நின்னா. மத்த எல்லாருக்கும் டோக்கன் நம்பர் போட்டிருக்கீங்க. அவளுக்கு மட்டும் நீங்கதான் நம்பரா?"

அச்சாகி வந்த நோட்டீஸில் விவாதம் கிடையாது.

இன்னொன்றும் சொல்கிறேன். நான் என் துணைவியாரை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வீட்டில் "இந்தா" என்பேன். வெளியில் "தோழர்". எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். அது அடிமைத்தனம். அதை எதிர்த்து, சமத்துவம் வேண்டும் என்று நானும் அவர் பெயரைச் சொல்லாமல் இருந்துகாட்டினேன். எத்தனை பேருக்கு அந்த மனசு வரும்?

திருமங்கலமா இது? சரி. ஜன்னலைக் கொஞ்சம் தள்ளுங்கள். போதும், போதும். காற்று அதிகம்.

கார். மார்கழிக்குப் பிறகு நான் மகள் வீட்டில் இருக்கிறேன். அவள் காரில் கியர் மாற்றுகிற வேலை இல்லை, ஆட்டோமேட்டிக். நிற்கும்போது கியர் கம்பியை P என்கிற எழுத்துக்குத் தள்ளவேண்டும், போகும்போது D-க்கு இழுக்கவேண்டும். அவ்வளவுதான். "இந்த முழங்கால வச்சுக்கிட்டு பஸ்ல போவேன்னு அடம் பிடிக்காதீங்க, நான் கொண்டுபோய் விடறேன்" என்றாள். எனக்குக் கொள்கைச் சிக்கல். "கேட்டுக்குக் காரில் வருகிறவன் தொழிலாளி அல்ல" என்று தீர்மானம் கொண்டுவந்தவன் நான். அந்தத் தீர்மானத்தில்தான் சங்கரநயினாரை வெளியேற்றினோம். தன் பையன் கை ஒடிந்து கிடந்தான், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்ப வேறு வண்டி கிடைக்கவில்லை என்று அவன் சொன்னான். பையனும் கையில் கட்டோடு மடியில்தான் இருந்தான். இருக்கட்டும். மேனேஜர் கார் மேனேஜர் கார்தான். பின்னால் இளவட்டங்கள் சேர்ந்து அவனைத் திரும்பவும் சங்கத்தில் சேர்த்துத் துணைத் தலைவர் ஆக்கிவிட்டார்கள். அது வேறு.

ஆகவே ஒரு ஏற்பாடு செய்தேன். மில்லுக்கு முன்னால் ஒரு ரயில்வே கேட் இருக்கிறது. அதற்கு இந்தப் பக்கம் டீக்கடையில் நான் இறங்கிவிடுவேன். அங்கிருந்து மில் கேட் கூப்பிடு தூரம். நடந்து போவேன். டிக்கியில் ஆம்ப்ளிஃபையரும் குழாய் ஸ்பீக்கரும் மட்டும் காரோடு வரும். கருவி காரில் வரலாம், தலைவர் வரக்கூடாது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை.

ஆம்ப்ளிஃபையர் என் யோசனை. நிர்வாகம் கரண்ட் தராவிட்டால் நம் கரண்ட் நம் கையில் என்று காட்ட நினைத்தேன். முந்தின நாள் மகள் பேங்குக்கு ஆட்டோவில் போன நேரத்தில், சவுண்ட் சர்வீஸ் ராயப்பனை வரச்சொன்னேன். அவன் டிக்கிக்குள் தலையை விட்டு, "அண்ணாச்சி, உள்ள உக்காந்து ஒவ்வொண்ணா அமுக்குங்க, எந்த ஒயர்ல கரண்ட் வருதுன்னு பாப்போம்" என்றான். நான் காலால் பெடலை மிதித்தேன். பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. "இந்தா வருதுல்ல" என்று அந்த ஒயரிலேயே ஆம்ப்ளிஃபையரைக் கோத்துவிட்டான். மகளிடம் சொல்லவில்லை. நல்ல காரியத்துக்கு முன் அனுமதி கேட்டால் நல்ல காரியம் நடக்காது.

வழி நெடுக, அவள் பிரேக் மிதிக்கும்போதெல்லாம் டிக்கியிலிருந்து கொர்ரென்று ஒரு உறுமல்.

"பின்னாடி என்னப்பா சத்தம்?"

"உன் கார் சத்தம்."

நான் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். பின்கண்ணாடிக்குத்தான் வெயில் மறைக்கிற கறுப்பு வலை போட்டிருந்தாள், அதனால்.

ரயில்வே கேட்டுக்கு வந்தோம். மூடியிருந்தது. மேட்டில் ஏறுகிற இடம், அவள் பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டு நின்றாள். டிக்கியில் உறுமல் வளர்ந்து, ஒரு கீச்சுக் குரலாகி, பட்டென்று நின்றது. நல்லவேளை என்று நினைத்தேன். அவளும் காலை எடுக்கலாம் என்று ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, கம்பியை P-க்குத் தள்ளினாள். "அப்பா, உங்க டீக்கடை. எறங்குங்க."

கதவில் கை வைத்தேன். வலை வழியாகப் பார்த்தால், அத்தனை பேரும் எங்கள் ஜனம். கேட் திறக்கக் காத்திருக்கிறார்கள். பின்னால் நிற்கிற ஷேர் ஆட்டோ நிறைய ரீலிங் பெண்கள். என்ன செய்வது? சீட்டில் சரிந்து படுத்து, துண்டை முகத்தில் போட்டுக்கொண்டேன். கேட் திறந்ததும் கூட்டம் கலைந்துவிடும், பிறகு இறங்கலாம் என்று கணக்கு.

ரயில் போயிற்று. எங்கள் சங்கு ஊதியாயிற்று என்று அர்த்தம். கேட் திறந்தது. எல்லா வண்டியும் நகர்ந்தது. எங்கள் கார் நகரவில்லை. அசையாமல் நிற்கிற ஒன்றைத்தானே எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்?

"கம்பி வர மாட்டேங்குதுப்பா" என்றாள்.

"பலமாக இழு."

"ஒடச்சிறவா?"

எஞ்சினை அணைத்துப் போட்டாள். வரவில்லை. ஹேண்ட் பிரேக்கை விட்டுப் பார்த்தாள், பிடித்துப் பார்த்தாள், மறுபடி விட்டாள். வரவில்லை. கம்பியில் இருக்கிற பொத்தானைக் கட்டை விரல் வெளுக்கிற அளவுக்கு அமுக்கினாள். P-யை விட்டு மயிரிழை நகரவில்லை. பின்னால் ஹாரன் என்றால் அப்படி ஒரு ஹாரன். ஷேர் ஆட்டோக்காரர் தலையை நீட்டி, "மேடம், செவப்பு லைட்டே வரலையே! பிரேக்க மிதிங்க!" என்றார்.

"மிதிச்சுக்கிட்டுத்தாண்ணே இருக்கேன்!"

"அப்ப லைட்டு?"

"அத நீங்கதான் பாக்கணும், நான் முன்னாடி இருக்கேன்!"

துண்டுக்கடியில் எனக்கு வியர்த்துக் கொட்டியது. அதோடு முடிந்ததா? ஆட்டோவிலிருந்து ரீலிங் பெண்கள் இறங்கிவிட்டார்கள். "ஏ, ஒரு கை குடுங்கடி, தள்ளுவோம்." நான் தலைமை தாங்கிய பெண்கள், நான் உள்ளே படுத்திருக்கிற காரைத் தள்ளுகிறார்கள். தள்ளுகிறார்கள், தள்ளுகிறார்கள், சக்கரம் உருளுமா? P-யில் இருக்கிற காருக்குள்ளே பூட்டு விழுந்திருக்கும், யானை தள்ளினாலும் நகராது என்று பிறகுதான் சொன்னார்கள்.

"பின்னால ஒரு ஆம்பள மல்லாந்து கெடக்கான். எந்திச்சுத் தள்ளக் கூடாதா?"

"ஒடம்பு சரியில்லையோ என்னமோ."

"மூச்சு வருதான்னு பாருடி மொதல்ல."

அதில் ஒருத்தி ஜன்னல் வழியாக என் மகளைப் பார்த்துவிட்டு, "ஏய், இது நம்ம இவ மக இல்ல?" என்று என் துணைவியாரின் பெயரைச் சொன்னாள். சுருக்கிச் சொன்னாள், உரிமையோடு. எல்லோரும் தள்ளுவதை நிறுத்திவிட்டு முன்கண்ணாடிக்குப் போய்விட்டார்கள். "கண்ணு, ஒன் ஆத்தா பேர வாசிக்கத்தான் வந்திருக்கோம்." "சீக்கிரம் வந்துரு தாயி." "ஒங்கப்பா எங்க, முன்னமே போயிட்டாரா?" என் மகள் ஒரு நொடி பேசவில்லை. பிறகு, "வந்துருவாரு" என்றாள். அந்த ஒரு நொடியை நான் அவளுக்கு மன்னிக்கவில்லை.

விருதுநகர் வர இன்னும் எவ்வளவு நேரம்? கண்டக்டர்! கண்டக்டரைக் கேட்டால் என்ன, பஸ்ஸை அவரா ஓட்டுகிறார்.

அவர்கள் ஆட்டோவில் ஏறி எங்களைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்து ஒரு மொபெட் வந்து நின்றது. அந்த இரைச்சலை நான் எங்கேயும் அடையாளம் கண்டுகொள்வேன். சங்கரநயினார். என் பக்கத்துக் கண்ணாடியில் விரலால் தட்டினான்.

"தலைவரே."

நான் தூங்கினேன்.

"தலைவரே, துண்டு ஏறி எறங்குது. தூங்கறவருக்கு இம்புட்டு வேகமாவா மூச்சு வரும்? பின்னாடி ஏறுங்க, ரெண்டு நிமிசத்துல கேட்டுல விட்டுறேன்."

நான் தூங்கினேன் தம்பி. கார் தீர்மானத்தில் வெளியேற்றப்பட்ட ஆள், காரில் படுத்திருக்கிற என்னைத் தன் மொபெட்டில் ஏற்றிக்கொண்டு போய்க் கேட்டில் இறக்கினால் அதற்கு என்ன பெயர்? சிரித்திருந்தாலாவது எழுந்து சண்டை போட்டிருப்பேன். அவன் சிரிக்கவில்லை. மகளிடம் குனிந்து, "நான் மெதுவா ஆரம்பிக்கச் சொல்றேம்மா. ஒங்க அம்மா பேரு கடைசியிலதான் வருது" என்று சொல்லிவிட்டுப் போனான். நயவஞ்சகம் எப்படியெல்லாம் மரியாதை வேஷம் போடும் பாருங்கள்.

அப்புறம்தான் மகள் முன்பெட்டியிலிருந்து காரோடு கொடுத்த புத்தகத்தை எடுத்தாள். தடிமனான புத்தகம், இங்கிலீஷ். எனக்கு நம்பிக்கை வந்தது. அச்சில் வந்த எதையும் முறையாகப் படித்தால் வழி கிடைக்கும். நான் படித்து வந்த பாதையே அதுதான். பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி, மீதியெல்லாம் நோட்டீஸ்.

"முதலிலிருந்து படி" என்றேன்.

"எது? 'எங்கள் காரைத் தேர்ந்தெடுத்ததற்கு வாழ்த்துகள்'ங்கறதையா?"

"வாழ்த்துரையில்தான் அவர்கள் நோக்கம் தெரியும். நடுவில் தாவிப் படிப்பது அராஜகம்."

அவள் தாவினாள். நடுவில் ஒரு பக்கத்தில் நின்றாள். "அப்பா, இருக்குப்பா! கம்பி P-யிலயே மாட்டிக்கிட்டா, பக்கத்துல ஒரு சின்ன மூடி இருக்கும், அத நெம்பி எடுக்கணுமாம். உள்ள மெல்லிசா எதையாவது விட்டு அமுக்கிக்கிட்டே கம்பிய இழுத்தா வந்துருமாம்." நகத்தால் நெம்பி மூடியை எடுத்தாள். நெல் நுழைகிற அளவு ஓட்டை. சாவி நுழையவில்லை. ஹேர்பின் என்று தலையைத் தடவினாள், ரப்பர் பேண்டு. என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் சட்டையைப் பார்த்தாள்.

"பேட்ஜக் குடுங்க. பின்னாடி ஊசி இருக்குல்ல."

"எதை?"

"பேட்ஜப்பா."

"சங்கத்துப் பேட்ஜை விட்டுக் காரைக் குத்துவதா? எத்தனை தடியடியில் கழற்றாமல் இருந்த பேட்ஜ் தெரியுமா?"

"நான் தடியால அடிக்கலப்பா. குடுங்கன்னு கேக்கறேன்."

"முடியாது."

அப்போதுதான் அங்கே முதல் பெயர் கேட்டது. மைக் இல்லாமல், சங்கரநயினாரின் மெலிந்த குரல். சொன்னது விளங்கவில்லை, பதில் மட்டும் விளங்கியது. "வந்தாச்சு!" தலைவர் இல்லாமல் தொடங்கிவிட்டார்கள்.

மகள் சொன்னாள்: "அப்பா, எறங்கி நடங்க. கூப்பிடு தூரம். இப்பவே போனா அம்மா பேரு வர்றதுக்குள்ள போயிரலாம்."

"காரிலிருந்து இறங்குவதைப் பார்ப்பார்கள்."

"யாரு பாக்கா? ரோட்டுல ஒரு நாயி நிக்குது. மத்த எல்லாரும் அங்க இருக்காங்க."

"யார் பார்க்கிறார்கள் என்பது கேள்வி இல்லை. கொள்கை."

"வந்தாச்சு!" என்றது கூட்டம். இரண்டாவது பெயர்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுகிற பிள்ளையாக நான் வளர்க்கவில்லை. "நீங்க இங்கயே இருங்கப்பா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். மேட்டில் ஏறி, தண்டவாளத்தைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள். பேங்க் உத்தியோகம் பார்க்கிறவள்.

நான் ஏன் பின்னாலேயே போகவில்லை என்று கேட்பீர்கள். நிர்வாகக்குழுவிலும் கேட்பார்கள். பின்கதவு உள்ளேயிருந்து திறக்காது, குழந்தைகளுக்காக ஒரு பூட்டு வைத்திருக்கிறார்கள் என்று பதில் தயார் செய்திருக்கிறேன். அந்தப் பூட்டைப் போடவே இல்லை என்கிறாள் மகள். இருக்கலாம். நான் கதவை இழுத்துப் பார்க்கவில்லை.

மூன்றாவது, நான்காவது என்று பெயர்கள் போயின. அப்புறம் ஒரு அமைதி. நோட்டீஸின் கடைசி வரிக்கு வந்துவிட்டார்கள் என்று எனக்குத் தெரியும். என் வரி. அதை வாசிக்க சங்கரநயினாருக்கு வாய் வரவில்லை போலிருக்கிறது. அப்போது என் மகள் குரல். தம்பி, என் தொண்டை அப்படியே அவளுக்கு. மைக் தேவையில்லாத தொண்டை. ரயில் பாதையைத் தாண்டி, கண்ணாடியைத் தாண்டி, துண்டைத் தாண்டி வந்தது. அவள் என்ன வாசித்தாள் என்பது இன்றைக்கு நான் கொண்டுபோகிற தீர்மானத்தில் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். பதில் மட்டும் கேளுங்கள். மற்றவர்களுக்கு வந்த பதில் மாதிரி இல்லை. ரீலிங் பெண்கள் அவள் முடிக்கும்வரைகூடப் பொறுக்கவில்லை. "வந்தாச்சு" என்றார்கள். இன்னொரு தடவை "வந்தாச்சு" என்றார்கள். இரண்டாவது தடவைக்கு வழக்கத்தில் இடம் கிடையாது.

அதற்குப் பிறகு நான் முன்சீட்டுக்குப் போனேன். எப்படி என்று கேட்காதீர்கள், நடுவில் இருக்கிற சந்து வழியாக. பேட்ஜைக் கழற்றினேன். மகள் கேட்டதற்காக இல்லை. புத்தகத்தில் போட்டிருப்பது உண்மையா என்று ஒருவர் சோதித்துப் பார்க்க வேண்டுமல்லவா. ஊசியை அந்த ஓட்டைக்குள் விட்டு அமுக்கினேன். அமுக்கிக்கொண்டே கம்பியை இழுத்தேன். வந்துவிட்டது. வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி வந்துவிட்டது. ஆனால் ஹேண்ட் பிரேக்கை அவள் இழுத்துவிட்டுப் போகவில்லை. P பிடித்திருக்கும் என்று நினைத்திருப்பாள். இடம் மேடு. கார் பின்பக்கமாக, ஊர்வலம் போகிற நிதானத்தில் உருண்டு, டீக்கடை பெஞ்சு ஒன்றை ஒடித்துவிட்டு நின்றது. கடைக்காரர் எட்டிப் பார்த்து, "தலைவரே! நீங்க எப்ப கார் ஓட்டப் படிச்சீங்க?" என்றார். அப்போதுதான் கூட்டம் முடிந்து எல்லோரும் திரும்பி வருகிறார்கள். ஸ்டியரிங்குக்கு முன்னால் நான்.

ஆளுக்கொரு கை போட்டு, ஒடிந்த பெஞ்சை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் போனார்கள். அதுதான் ரொம்ப மோசம்.

மெக்கானிக் வந்து பார்த்தான். ஒரு ஃபியூஸ் கருகியிருக்கிறதாம். பிரேக் விளக்கின் ஒயரில் எவனோ எதையோ கோத்திருக்கிறான், அது தாங்கவில்லை என்றான். பிரேக் விளக்குக்கும் கியர் கம்பிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். பிரேக் மிதித்தால்தான் கம்பியின் பூட்டு விடுமாம். மிதித்த சேதியை விளக்குக்குக் கொண்டுபோகிற அதே கரண்ட்தான் பூட்டுக்கும் கொண்டுபோகுமாம். மகள் டிக்கியைத் திறந்தாள். ஆம்ப்ளிஃபையரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மூடிவிட்டாள்.

நீங்களே சொல்லுங்கள். ஒயரில் என்ன குற்றம்? விளக்குக்குக் கஷ்டம் வந்தால் கியர் வேலையை நிறுத்தும் என்றால், ஒற்றுமை நல்லதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் முன்னறிவிப்பு கொடுக்காமல் வேலைநிறுத்தம் செய்வது சட்டவிரோதம். காரைத் தயாரித்தவர்களுக்கே எழுதியிருக்கிறேன்.

அன்றிலிருந்து மகள் என்னோடு பேசாமல் இல்லை. சாப்பிடுங்கப்பா, மாத்திரை போட்டீங்களாப்பா எல்லாம் உண்டு. ஆனால் இன்று காலை, சாத்தூர் போகிறேன், கண்டனத் தீர்மானம் கொண்டுவரப் போகிறேன் என்றேன். "யாருக்கு எதிராப்பா?" என்று கேட்டாள். சொன்னேன். "வாசிச்சுக் காட்டுங்க" என்றாள். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று வந்துவிட்டேன். எழுதியதை நான் எப்போதும் உரக்க வாசித்துப் பார்ப்பேன், ஐம்பது வருஷப் பழக்கம். இதை மட்டும் வாசித்துப் பார்க்கவில்லை.

விருதுநகர் போய்விட்டதா? எப்போது? அப்படியானால் அடுத்தது சாத்தூர். நேரம் இல்லை. அந்தப் பையைக் கொஞ்சம் பிடியுங்கள். இந்தா, இருக்கிறது. ஏழாவது அநியாயம். எனக்கு மெதுவாக வாசிக்க வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

"தீர்மானம். மாசி மாதக் கேட் கூட்டத்தில், தலைவர் வருவதற்கு முன்பே பெயர் வாசிப்பைத் தொடங்கிய துணைத் தலைவரை இந்த நிர்வாகக்குழு கண்டிக்கிறது. மேலும், அச்சிட்ட நோட்டீஸில் உள்ள 'தலைவர் அவர்களின் துணைவியார்' என்ற வாசகத்தை நீக்கிவிட்டு, குழுவின் அனுமதியின்றி, உறுப்பினர் அல்லாத ஒருவரால், அனைவர் முன்னிலையிலும் பின்வருமாறு உரக்க வாசிக்கப்பட்டதை..."

என்ன கண்டக்டர்? மெதுவாகவா? வராது என்று சொன்னேனே. திரும்பிப் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். பின்சீட்டு அம்மா, நீங்களும் கேளுங்கள். டிரைவருக்கும் கேட்கட்டும். எதற்கும் சாட்சி வேண்டும்.

எங்கே விட்டேன்? "பின்வருமாறு உரக்க வாசிக்கப்பட்டதை..." இருங்கள். பஸ் குலுங்குகிறது, எழுத்து ஆடுகிறது. பின்வருமாறு.

ரீலிங் பிரிவு.

டோக்கன் நானூற்றுப் பதினேழு.

ஆவுடையம்மாள்.